காஞ்சிரைக்கு மூன்றாவது பொருள்

காஞ்சிரை என்றால் எட்டி மரம். பழைய ஏடுகளில் வரும் பெயர். பட்டை கசக்கும், விதை ஆளையே கொல்லும். அகராதி அலுவலகத்தில் இந்தச் சொல் பூதக்கண்ணாடியின் மேசைக்கு வந்தது. எந்தப் பிழையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

முதல் பொருள், மரம். இரண்டாவது, அதன் நஞ்சு. சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிஞர்கள் ஆளாளுக்கு ஒரு கதை விட்டிருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. கேள்விக்குறி போட்டாள். பிறகு அந்தச் சொல்லுக்கான சீட்டில் மூன்றாவது பொருளையும் எழுதினாள்: பிள்ளை பெறாத பெண், வசை, பேச்சு வழக்கு.

பதிப்பாசிரியர் சீட்டைப் பார்த்தார். “இது எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?”

“புத்தகத்துல இல்ல சார். எங்க மாமியார் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். விருந்தாளிகள் முன்னால், “காஞ்சிரை, தண்ணி கொண்டா” என்று அவள் ஏவிய வருடங்களுக்கு அச்சில் ஒரு வரியாவது சாட்சி வேண்டும். வேறு நியாயம் எதுவும் இனிக் கிடைக்கப்போவதில்லை.

“அச்சுல இல்லாத வழக்குன்னா, காதால கேட்டவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். நீங்க ஒருத்தர். இன்னொருத்தர்?”

ஆளுக்கா பஞ்சம்? அத்தனை வருடமும் பக்கத்தில் கல்லுளிமங்கனாக உட்கார்ந்து சாப்பிட்டவர் இருக்கிறாரே. மறுநாள் புருஷனை அழைத்து வந்தாள். என்ன ஏது என்று கேட்காமலே, “கையெழுத்துதானே, போட்டாப் போச்சு” என்று கிளம்பி வந்த மனிதர், சீட்டைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“எங்கம்மா யாரையும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல சார். இவதான் எதையாவது மனசுல போட்டுக் குழப்பிக்குவா.”

பதிப்பாசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது புருஷன் குரலைத் தாழ்த்தினார். “அம்மா சொன்னது வாஸ்தவந்தான். அதுக்காக அச்சுல போட்டா, குறை யாருக்குன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? டாக்டர் என்னைப் பத்திச் சொன்னதை இத்தனை வருஷம் நீ வெளியே விடல. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

அன்பினால் காத்த ரகசியம் அது. அந்த மனிதருக்கு அது வெறும் வசதியாக இருந்திருக்கிறது. அவள் திரும்ப மேலே ஏறிப்போய், மூன்றாவது பொருளைத் தன் கையாலேயே அடித்தாள். இரண்டாவது கையெழுத்து இல்லை; விதிப்படி அது சரிதான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை.