போகாத அம்மை

வீம்புக்கென்றே பிறந்தவள் என் அக்கா வீரம்மா. நெற்றியில் கொப்புளம் கிளம்பியதும், "அக்கிதானே, காவி எழுதினா அடங்கிடும்" என்று பந்திங் ஊரில் யாரிடமோ எழுதிக்கொண்டு வந்தாள். வலது கண் வீங்கி மூடிய பிறகுதான், நான் போட்ட கத்தலில், கிள்ளான் கிளினிக்குக்குக் காரில் ஏறினாள்.

டாக்டர் கௌசலா மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். "இன்னைக்கே கண் ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க. லேட் பண்ணா பார்வை போயிடலாம்."

நான் உடனே எழுந்துவிட்டேன். அக்காவோ, "யார்கிட்டேர்ந்து ஒட்டிச்சு டாக்டர்?" என்றாள்.

"யார்கிட்டேர்ந்தும் இல்ல ஆன்டி. சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"எனக்கும் இவளுக்கும் ஒண்ணாதான் வந்துச்சு. தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சாங்களே."

"அந்தக் கிருமி போகலை ஆன்டி. நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டே இருக்கும். வயசானா முழிச்சுக்கும். அதான் அக்கி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் கல்யாணம், பிள்ளைப்பேறு, என் புருஷன் சாவு எல்லாவற்றையும் தாண்டி அந்த அம்மைத் தாய் எங்களுக்குள்ளேயே மூச்சுக்காட்டாமல் இருந்திருக்கிறாள்! எனக்குள்ளும் இருக்கிறாள். முதுகை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். பயமா பக்தியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கும் வருமா?"

"வரலாம். ஐம்பது தாண்டினவங்களுக்குத் தடுப்பூசி இருக்கு, போட்டுக்கலாம்."

"அதான் ஒரு தடவை வந்தாச்சே, இன்னும் எதுக்கு ஊசி?"

"வந்ததுனாலதான் ஆன்டி."

அக்கா குறுக்கே விழுந்தாள். "அம்மாவுக்கு எதிரா ஊசியா? குத்தமாயிடும்லா!" தெய்வக் காரியத்தில் அவள் பேச்சை நான் மீறியதே இல்லை. ஊசி போடாமலே திரும்பினோம்.

ஸ்பெஷலிஸ்ட் புண்ணியத்தில் கண் பிழைத்தது. பார்வை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் நெற்றியில் எரிச்சல் நிற்கவில்லை, சீப்பு பட்டாலே துடித்தாள். ஒருநாள் அவளே என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த ஊசி அம்மாவை விரட்டிடுமா டாக்டர்?"

கௌசலா சிரிக்கவில்லை. "விரட்டாது ஆன்டி. எழும்பாம பாத்துக்கும், அவ்வளவுதான்."

"தூங்கத்தானே வைக்குது?"

"ஆமா."

அக்கா என் ரவிக்கைக் கையைத் தானே சுருட்டிவிட்டாள். ஊசி இறங்கியபோது, எங்களுக்கு அம்மை பூத்திருந்த நாட்களில் எங்களைப் பெற்ற அம்மா பாடிய தாலாட்டை மெல்ல எடுத்தாள். வெளியே லோரிகள் இரைந்துகொண்டு போயின. பாட்டு முடியும்வரை கௌசலா என் கையில் அழுத்திய பஞ்சை எடுக்கவில்லை.