குகைக்கு இட்ட முள்

கெலமங்கலத்திலிருந்து தளிக்குப் போகும் பாதையில், இடது கைப் பக்கம் இருக்கும் குன்றில் ஒரு குகை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரிலிருந்தும், எல்லை தாண்டி மைசூர்ச் சீமையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். அவர்களை உள்ளே கூட்டிப்போவது வெங்கடம்மா. அப்பன் செய்த வேலை. அவர் போனபின் அவளுக்கு வந்தது.

அந்தச் சித்திரை ஞாயிறு, புளி வியாபாரி கரீம் தன் மனைவி காத்தூனுடன் வந்திருந்தார்.

"நல்ல டார்ச் லைட்டு கொண்டாந்தேன். வேணாங்கறியே, நான் விழுந்து வெச்சா?" என்றார் அவர் வெங்கடம்மாவிடம்.

"நீங்க விழுந்தா விழுங்க, நான் வௌவாலப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்றாள் காத்தூன்.

வெங்கடம்மா சிரித்தபடி, ஓட்டைச் சட்டிக்குள் வைத்த அகல்விளக்கோடு முன்னால் நடந்தாள். உடம்பைவிட நீளமான மீசையுள்ள பூச்சிகளைக் காட்டினாள். பாறை கசியும் இடத்தில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்த தவளையைக் காட்டினாள். அதற்கப்பால் ஒரு இடுக்கு. இடுக்குக்கு உள்ளேதான் வௌவால்கள் குட்டி போடும் அறை. குட்டிகள் பறக்கும்வரை அங்கே முள்கிளை இட்டு அடைத்திருக்கும். வருகிறவர்கள் முள்ளுக்கு வெளியே நின்று, குட்டிகள் தாயைத் தேடிக் கீச்சிடுவதைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

முள் இருந்தது. ஆனால் வெங்கடம்மாவின் கால் நின்றுவிட்டது.

முள்கிளையின் அடிக்கட்டை அவளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. குகைக்கு முள் இடும்போது கவட்டை நுனிக் கவைக்கோலால் அடிக்கட்டையை உள்ளே தள்ளி, முள்தலையை வெளியே விடவேண்டும். பிடி உள்ளே இருப்பவர்களுக்கு என்பார் அப்பன். அவள் அப்படித்தான் இட்டிருந்தாள்.

காலடியில் ஏதோ நொறுங்கியது. கருகிய சிறு கண்ணாடி பல்பு.

"சத்தம் கேக்கும்னாங்களே?" என்றாள் காத்தூன் மெதுவாக.

வெங்கடம்மா முள்ளை விலக்கி விளக்கை நீட்டினாள். கூரையில் பாதிக்கு மேல் வெறும் பாறை. கீழே, எச்சக் குவியலின் மேல், மயிர் முளைக்காத குட்டிகள் சிதறிக் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது.

"இன்னிக்கி வேணாங்கம்மா. போயிடலாம்."

கரீம் ஏதோ கேட்க வந்தார். காத்தூன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் தம்பி திம்மராயன் ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்துக்கொண்டிருந்தான். முள்கிளையை அடிக்கட்டையில் பிடித்து இழுத்து வந்து வாசலை மூடினான். கட்டை வெளியே, அவன் கைப்பக்கம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குகைக்கு யாரக் கூட்டினு போன?"

"யாரையும் இல்லக்கா."

"முள்ள யாரு திருப்பி வெச்சது?"

"எனக்கென்ன தெரியும்? எவன் எவனோ வரான்."

"வந்தவனுக்குப் பட்டிக்கு முள்ளு போடத் தெரியுமாடா?"

அவன் தன் கையிலிருந்த கட்டையைக் குனிந்து பார்த்தான்.

"பெங்களூர் ஃபேக்டரி மேனேஜரத்தான், அக்கா. பல்பு வெச்சு போட்டோ எடுக்கணும்னாரு. வாட்ச்மேன் வேல தரேன்னிருக்காரு."

"குட்டி இருக்கிற மாசம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டா கூட்டினு போன?"

அவன் பட்டி முள்ளை இன்னும் இறுக்கி அழுத்தினான்.

"அப்பறம் எதுக்குடா முள்ளத் திரும்ப வெச்ச?"

"நீ பாத்தா வருத்தப்படுவியேன்னுதான்."

அவன் முள்ளை எடுத்ததைக்கூட அவளால் ஒருவிதமாக நினைத்துப் பார்க்க முடிந்தது. அவளை ஏமாற்றத் திரும்ப வைத்துவிட்டு, மறுநாள் காலை அவன் அவள் அடுப்பருகே உட்கார்ந்து களி தின்றதைத்தான் முடியவில்லை.

கவைக்கோலை எடுத்துக்கொண்டு குன்றேறினாள். அவனும் பின்னாலேயே வந்தான். தினமும் இந்நேரத்துக்குக் குகை வாயிலிருந்து வௌவால்கள் புகைபோல் நிற்காமல் கிளம்பும். இன்று ஒன்று வந்தது. பிறகு சில. பிறகு வானம்தான்.

"பாரு, வருதுல்ல" என்றான் அவன்.

அவள் உள்ளே போய், மிச்சமிருந்தவற்றுக்காக முள்ளைச் சரியாக இட்டுவிட்டு வந்தாள்.

"நாளன்னிக்கிக் கிளம்பணும்க்கா" என்றான். "ஆடுங்கள உங்கிட்டத்தான் வுட்டுட்டுப் போறேன். உன்ன வுட்டா நான் யார நம்பறது?"

சுமையை வாங்குவதுபோல் கவைக்கோலுக்குக் கை நீட்டினான். அவள் அதை மறுகைக்கு மாற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.