எந்தத் திரவம்

நான்காம் நாள் காலையிலும் சந்திரனுக்குப் பொருத்திய சிறுநீரகம் வேலை செய்யவில்லை. மீண்டும் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிப் பெஞ்சில் இருந்த அவன் மனைவி மரகதம், ஆய்வைக் கவனிக்கும் ஸ்ரீவித்யாவைக் கண்டதும் எழுந்தாள்.

“அவருக்கு எந்தத் தண்ணி மேடம்? அத மட்டும் சொல்லுங்க.”

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றுதான் சந்திரனுக்கு வந்தது. எடுத்ததிலிருந்து பொருத்தும் வரை கெடாமல் காக்கும் குளிர்திரவம், ஒரு சிறுநீரகத்துக்கு வெளிநாட்டு அசல். மற்றதற்கு அதே சேர்மானத்தில் இங்கே தயாரித்தது. இரண்டும் சமமா என்று பார்ப்பதே ஆய்வு. பைகளில் பெயரை மறைத்து எண் ஒட்டியிருந்ததால் எது யாருக்கு என்று ஸ்ரீவித்யாவுக்கும் தெரியாது. மற்ற சிறுநீரகம் பெங்களூர் பிரேசர் டவுனைச் சேர்ந்த டேரிலுக்குப் போய், முதல் நாளே வேலை செய்தது. அவர் மனைவி கேரல் அதே பெஞ்சில்தான் இருந்தாள். தங்களுக்குக் கிடைத்தது அசல் இல்லை என்று மரகதம் முடிவு கட்டிவிட்டாள்.

“எனக்கும் தெரியாதும்மா. எதுல வந்தாலும் சிலது முழிச்சுக்க ஒரு வாரத்துக்கு மேலகூட ஆகும்.”

“அவரு யோசிச்சாரு மேடம். நாந்தான் கையெழுத்துப் போடுங்கன்னேன். போடலன்னா கிட்னி வேற ஆளுக்குப் போயிடுமோன்னு பயம்.”

ஆய்வில் சேர மறுத்தாலும் சிறுநீரகம் உண்டு என்று படிவத்தில் இருந்தது. ஸ்ரீவித்யாவே அதை வாசித்துக் காட்டியிருந்தாள். இப்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை.

டேரிலின் இன்றைய சிறுநீர் அளவைச் சொல்ல நர்ஸ் வாசலுக்கு வந்தாள். கேரல் விரைந்து போய், இனி மரகதத்தின் காதில் விழாமல் உள்ளே கூப்பிட்டுச் சொல்லும்படி மெல்லக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து ஜெபமாலையை எடுத்து, சந்திரனின் முழுப் பெயரைக் கேட்டாள்.

“உங்க சாமிக்கு எங்க ஊட்டுப் பேரெல்லாம் வாயில நுழையுமாக்கா?”

“பெங்களூர் சாமிம்மா. எல்லா பாஷையும் வரும்.”

மரகதம் நான்கு நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஸ்ரீவித்யா டாக்டரிடம் அனுமதி கேட்டு, மரகதத்துக்குப் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டி உள்ளே அழைத்துப் போனாள். மரகதம் கட்டிலருகே நின்று, எல்லாம் தன்னால்தான் என்றாள்.

சந்திரன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

“அந்த டேரிலுக்கு நல்லாப் போவுதா?”

தலையசைத்தாள்.

“கிட்னி குடுத்த வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணாவது வேலை செய்யுதேன்னு நிம்மதி. கையெழுத்துப் போட்டது நானு. நீ ஏன்டி அழுவற?”

ஸ்ரீவித்யா வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினாள். கண்ணாடி வழியே பார்த்தபோது, கட்டில் விளிம்பில் நெற்றியைச் சாய்த்திருந்தாள் மரகதம். அவள் தலையிலிருந்து நழுவிய பச்சைத் தொப்பியை, ஊசி ஏறாத கையால் சந்திரன் சரிசெய்துகொண்டிருந்தான்.