நடு வாய்க்காலைத் தாண்டிய சிவப்பு

1954 டிசம்பரில் முதல் உறைபனி விழுந்த வியாழக்கிழமை காலை, பொஸ்கோப் ஊர் நாற்றுப்பண்ணைக்காரர் லேண்டெர்ட் கோய்மானின் செம்பட்டைத் தலைமுடி நிறம் இழந்தது. நரைக்கவில்லை; நரைக்குக்கூட ஒரு நிறம் உண்டு. கண்ணாடி இழைபோல் ஆகிவிட்டது. அதே காலையில் அவருடைய நிலத்தில் நின்ற நானூறு கார்னஸ் புதர்கள், இலையெல்லாம் உதிர்ந்த வெறும் தண்டுகளாக, இரத்தச் சிவப்பில் எரிந்தன. ஊரார் இரண்டையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் வாய்க்காலின் எதிர்க்கரையில் பண்ணை வைத்திருந்த வில்லெமீன் மட்டும்தான்.

அந்தப் புதர் அவள் உருவாக்கியது. பதினோரு குளிர்காலம் விதை போட்டு, முளைத்ததில் மங்கலானதையெல்லாம் பிடுங்கி எறிந்து, கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேற்றியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், முதுகு ஒடிய உழைத்தவள் தானே என்பதால் செடிக்குத் தன் பெயரையே வைப்பதென்று தீர்மானித்திருந்தாள். அவள் செய்த பிழை, அதை வாய்க்கால் கரையில் நட்டது. கார்னஸுக்கு ஈரமும் வெயிலும் பிடிக்கும், தண்ணீரில் விழும் பிம்பம் சிவப்பை இரட்டிப்பாக்கும் என்று கணக்குப் போட்டாள். பொஸ்கோப்பில் நிலங்களுக்கு வரப்பு கிடையாது, வாய்க்கால்தான். இரு கரைக்காரர்களும் நடு வாய்க்கால்வரை சேறு அள்ளலாம். நடுவைத் தாண்டி எது நீண்டாலும் எதிர்க்கரைக்காரருக்குச் சொந்தம். ஒரு ஜனவரியில் லேண்டெர்ட் சேற்றுப் படகை நிறுத்தி, ஒரு சாண் தாண்டி வந்திருந்த கிளைகளை நறுக்கிக்கொண்டு போனார். கார்னஸ் குச்சியை ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் விட்டுவிடும். மூன்றே ஆண்டில் நானூறு செடி. புதுச் செடிகளுக்குப் பெயர் பதியும் குழுவின் மேசைக்கு முதலில் போனதும் அவர்தான். மனைவி கோபாவின் பெயரால் அது 'கோபாவின் பெருமை' ஆனது. வில்லெமீன் முறையிட்டாள். குழுத் தலைவர் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொல்லி, ஒரு காபி கொடுத்து அனுப்பினார்.

வாசலில் லேண்டெர்ட் நின்றிருந்தார். "மனசுல வச்சுக்காத, வில்லெமீன். உனக்குத்தான் அமையல, உன் செடியாவது இன்னொரு வீட்டுக்கு வாழப் போச்சேன்னு நெனச்சுக்கோ" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த டிசம்பரில்தான் அவர் முடியின் நிறம் போனது. வில்லெமீன் அவசரப்படவில்லை. அடுத்து வந்த மார்ச்சில், வழக்கமாக ஒட்ட வெட்டும் தன் தாய்ச்செடியை, சோதித்துப் பார்க்க, வெட்டாமல் விட்டாள். தண்டு முதிர்ந்து பழுப்பேறியது, குளிரில் லேண்டெர்ட்டின் புருவத்தில் லேசாகச் செம்மை திரும்பியது. மறு மார்ச்சில் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு மொத்தத்தையும் வெட்டினாள். இளந்தண்டுகள் கிளம்பி அந்தக் குளிர்காலம் தீயாய்ச் சிவந்தன. லேண்டெர்ட்டின் கன்னங்களில் சன்னல் சட்டம் ஊடுருவித் தெரிந்தது. ஒரு செடிக்கே இவ்வளவு.

லேண்டெர்ட் கெட்டிக்கார வியாபாரி, தோட்டக்காரர் அல்ல. வாங்கியவர்கள் இரண்டாம் ஆண்டே தண்டு மங்குகிறது என்று கடிதம் எழுதினார்கள். வேறு வழியில்லாமல் பராமரிப்புக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொல்லி எதிர்க்கரைக்கு ஆள் அனுப்பினார். அவள் அன்றே எழுதினாள். நல்ல வெயிலில் நடுங்கள். வேர் காயவிடாதீர்கள். பின்னால் கரும்பச்சை வேலி இருந்தால் நிறம் எடுக்கும். மார்ச் முடிவதற்குள் நான்கு விரல் விட்டு ஒட்ட வெட்டுங்கள்; இரக்கம் பார்க்காதீர்கள். லேண்டெர்ட் அதை அச்சடித்து ஒவ்வொரு செடியிலும் கட்டி விற்றார். வியாபாரம் எட்டு மடங்கானது. வடகோடிக் குரோனிங்கன் முதல் தென்கோடி மாஸ்ட்ரிக்ட்வரை, கல்லறைத் தோட்டத்திலும் ரயில் நிலையத்திலும், முன்பின் தெரியாதவர்கள் மண்டியிட்டு ஒட்ட வெட்டினார்கள். 1959 குளிர்காலத்தில் நாடே சிவந்தது. லேண்டெர்ட்டின் மேல் எந்த நிறமும் நிற்கவில்லை. உடுத்திய சட்டைகூடச் சாயங்காலத்துக்குள் தண்ணீர்போல் நிறமற்றுப் போனது. கோபா தேவாலயத்தில் அவர் கையைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

பிப்ரவரி கடைசியில் கோபா அவரை வில்லெமீன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நாற்காலி கிரீச்சிட்டதை வைத்து எங்கே பார்ப்பது என்று வில்லெமீன் தெரிந்துகொண்டாள்.

"வெட்ட வேண்டாம்னு புதுசா ஒரு குறிப்பு எழுதிக் குடு" என்றது குரல். "நீ சொன்னா ஜனங்க கேப்பாங்க."

"செடி கெட்டுப் போகுமே, லேண்டெர்ட்."

"பேர மாத்திடுறேன். குழுவுல பேசிட்டேன். உன் பேரு. எல்லாச் செடிக்கும் உன் பேரு."

பதினோரு குளிர்காலம் அவள் உழைத்தது அந்தப் பெயருக்குத்தான். கோபா கொண்டுவந்த குழுவின் தாள் மேசைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் அதை மடித்துக் கோபாவின் மடியில் வைத்தாள்.

"வேண்டாம். உங்க பேரே இருக்கட்டும். எவன் கத்தரிய எடுத்தாலும் அந்தப் பேரச் சொல்லித்தான் வெட்டணும்."

கோபா அழுதாள். வில்லெமீன் இருவருக்கும் காபி ஊற்றினாள். ஒரு கோப்பை தானாக எழுந்து, பாதியில் நின்றது. அவர்கள் போனதும் கத்தரியைத் தீட்டினாள்.

அதன்பின் ஊர் பழகிக்கொண்டது. கோய்மான் வீட்டைக் கடக்கும்போது எல்லோரும் சைக்கிள் மணியை இருமுறை அடித்தார்கள், இடித்துவிடக் கூடாதே என்று. தபால்காரர் கதவைத் திறந்த காற்றுக்கு வணக்கம் சொன்னார். 1967இல் லேண்டெர்ட் இறந்தபோது, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த தச்சர் கட்டிலில் கையால் தடவி உச்சியையும் குதிகாலையும் கண்டுபிடித்தார். இரண்டு விரற்கடை கூட்டி அறுத்தார். பெட்டி சரியாக இருந்தது.