காயப் போட்ட மண்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த வட்டாரம் முழுக்கக் குழி தோண்டி, எங்கே என்ன மண் கிடக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் நிறம் தீட்டுவது என் வேலை. ஊர் வெயிலெல்லாம் தலையில் இறங்கினால் கோபம் வராமல் குளிர்ச்சியா வரும்?

மேட்டில் செம்மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். நிலக்கடலையும் ஆமணக்கும் அங்கே. பள்ளத்தில் கரிசல். மழை பெய்தால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கும் கொண்டைக்கடலைக்கும் அதுதான் தாய்வீடு. கரிசலை ஒட்டி ஓர் உவர்நிலம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது, அதில் முரட்டுப் புல்லைத் தவிர எதுவும் தலையெடுக்காது. புதிதாக வரப்போகும் கால்வாய், உவர் என்று நான் நிறம் தீட்டிய வயலுக்குத் திரும்பாது. அதனால் இது விளையாட்டுக் காரியமல்ல.

பருத்திக்காரம்மாவின் வயல் கரிசலின் கடைசி ஓரத்தில் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கடல் கடந்து இருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை கிடையாது. நான் மண் எடுத்த நேரமெல்லாம் அந்த அம்மா பின்னாலேயே நடந்து வந்தார். ஈர மண்ணை நிழலில் காயவைத்துத்தான் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் வீட்டு முன்னறையில் காகிதம் விரித்துப் பரப்பிவிட்டு வந்தேன், காய்ந்ததும் போய் எடுத்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் ஒருவர் இருக்கிறார், கண்ணாடியின் கனத்தைப் பார்த்து சோடாபுட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். "மேடம், இது உவரைவிட மோசம். இதுல பருத்தி வருதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார்.

பருத்தி இடுப்பளவு நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "முதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு மறுபடி போய் மண் எடுத்தேன், அதே முன்னறையில் காயவைத்தேன். மறுபடியும் அதே முடிவு.

உள்ளதைச் சொன்னால், அங்கே போவது எனக்குக் கசக்கவில்லை. டீ கொடுப்பார். தலைவலி போச்சா என்று கேட்பார். என் வாடகை அறையில் என்னோடு பேசுவது ஒழுகும் குழாய் ஒன்றுதான்.

"வரைபடத்த முடிச்சாகணும். அந்த வயல உவர்னே போட்டுடுங்க" என்றார் மேலதிகாரி. கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கிக்கொண்டு மூன்றாம் முறை போனேன். மண் எடுத்துப் பரப்பிவிட்டு, காய்ந்ததும் இந்தத் தடவை அங்கேயே உட்கார்ந்து சலித்தேன். சல்லடையில் குட்டிக் குட்டிக் கரித்துண்டுகள் நின்றன. தொட்டுப் பார்த்தால் விரலில் சாம்பல் ஒட்டியது. சாம்பல் கலந்தால் நல்ல கரிசலும் ஆய்வில் உவர் என்றுதான் காட்டும்.

"அக்கா, அடுப்புச் சாம்பலக் கலந்தீங்களா?"

அந்த அம்மா மழுப்பவில்லை. "ஆமா" என்றார்.

"எதுக்கு?"

"மண்ணு சரியா இருக்குன்னு வந்துட்டா நீ எதுக்குத் திரும்பி வரப்போற?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? உவர்னு எழுதிட்டா கால்வாய்த் தண்ணி இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா பண்ணீங்க?"

"தண்ணி வந்தா பருத்தி நல்லா வரும். வரட்டும், வந்து என்ன? பருத்தி ஏத்த வர்றவன் வண்டிய விட்டு இறங்கறதில்ல. நீதாம்மா உள்ள வந்து உக்காந்த."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்கும் கோபம் வந்தது. வயலுக்குப் போய்ப் புதிதாக மண் எடுத்து, ஈரத்தோடு பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வாசலில் நின்றதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் நடந்தேன்.

மண் என் அறையில் காய்ந்தது. அருமையான கரிசல் என்று முடிவு வந்தது. அதற்குரிய நிறத்தைத் தீட்டிக் கையெழுத்துப் போட்டேன். கால்வாய் வரும், அந்த வயலில் இனி எனக்கு வேலை இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மறுபடி என்னம்மா கோளாறு? நான் ஒண்ணும் பண்ணலையே."

"கோளாறு இல்லக்கா. கரிசல்னு முடிச்சாச்சு. தண்ணி கண்டிப்பா வரும்."

"அப்ப எதுக்கு வந்த?"

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே. சனியன், வாயில் வரவில்லை. வேலை இல்லாமல் யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லாத ஜென்மம் நான்.

"பக்கத்துல ஒரு வயல் பாக்க வேண்டியிருக்கு" என்றேன்.

பக்கத்தில் வயலே கிடையாது, வெறும் உவர். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த வயலு ஒரே தடவைல முடிஞ்சிடுமா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"முடியாது போலிருக்குக்கா" என்றேன்.