காப்பு கட்டிய கொளஞ்சியும் நாலாவது ஊசியும்

குழந்தைகளுக்கு ஊசி என்றால் அம்மாக்கள் தேதியை மறப்பதில்லை. மீசை வைத்த குழந்தைகளை யார் கேட்பது? அதனால்தான் அரியலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹேமலதா, கடைக்கு வருகிறவர்களைத் துருவித் துருவிக் கேட்டு, ஊசி பாக்கியிருக்கும் பெரியவர்களின் பெயரைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைப்பாள். உரிய நாளில் போன் போட்டு உயிரை வாங்குவாள்.

அன்றைக்குக் கொளஞ்சியின் முறை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஆறடி ஆள். தெருநாய் கடித்து மூன்று ஊசி போட்டாயிற்று. இருபத்தெட்டாம் நாளான இன்று நாலாவது.

"தங்கச்சி, ஊர்ல மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டோம். எட்டு நாளைக்கு எல்லையத் தாண்டக் கூடாது. ஆத்தா கோச்சுக்கும்" என்றார் போனில்.

ஹேமலதா கல்லாவுக்கு மேலே இருந்த பெயரை நிமிர்ந்து பார்த்தாள். நாய்க்கடி முற்றிவிட்டால் பிறகு மருந்தே கிடையாது. ஆனால் சாமி பேரைச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? மத்தியானம் கடையின் உள்ளே உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்தாளே தவிர, ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அப்போது வெளியே, கடையில் வேலை பார்க்கும் கவிதாவிடம் ஒரு குரல் கிசுகிசுத்தது. "ஹேமா சாப்புடப் போயிடுச்சுல்ல? சட்டுனு ஒரு அட்டை கேஸ் மாத்திரை குடும்மா. கோயில் பொங்கச்சோறு கொஞ்சம் கூடிப் போச்சு."

ஹேமலதா பிசைந்த கையோடு வெளியே வந்தாள். தலையில் துண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, முகமெல்லாம் அசடு. கொளஞ்சியேதான்.

"கேஸ் மாத்திரைக்கு மட்டும் ஆத்தா எல்லையத் தொறந்து வுட்டுச்சாண்ணே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊசின்னா எனக்கு ஒதறுது தங்கச்சி. வூட்டுல சொல்லிடாத."

கையோடு அவரை அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். ஊசி அறையில் கொளஞ்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டடமே அதிரக் கத்தினார். வெளியே அழுதுகொண்டிருந்த குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தன.

"ஏங்க, யாரு உங்கள என்ன பண்ணுனா? போட்டு முடிச்சாச்சு, எழுந்திரிங்க" என்றார் நர்ஸ்.

ஹேமலதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கொளஞ்சி கையைத் தடவிப் பார்த்தார். பிறகு பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு வாட்டியும் முடிஞ்சப்புறம் இவ்வளவுதானான்னுதான் தோணுது. இதுக்குப் போயி ஆத்தாவப் பொய்ச்சாட்சிக்கு இழுத்துட்டனே!"