ஊசி போட்ட கை

தனம் அண்ணிக்கு வலது அக்குளில் நெறி கட்டியிருப்பது மேமோகிராம் எடுத்த அன்றுதான் தெரிந்தது. மார்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். அக்குளில் மட்டும் இரண்டு உருண்டைகள், இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக.

அண்ணி வருடா வருடம் அந்தப் படம் எடுப்பவள். அவளுடைய அக்கா மார்புப் புற்றில் இறந்தவள். அக்காவுக்கும் முதலில் அக்குளில்தான் தட்டுப்பட்டதாம். அதனால் நெறி என்று கேட்டதுமே அண்ணி தனக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அண்ணன் ஐசக்குக்கு ஒரகடத்தில் வேலை. கொரோனாவில் இழந்த நாட்களை ஈடுகட்ட கம்பெனி யாருக்கும் லீவு கொடுக்கவில்லை. நான் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். எனவே மேற்குத் தாம்பரம் ஸ்கேன் சென்டருக்கு நான்தான் துணை. அண்ணியோடு உள்ளே போனது அம்மா. நான் வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் மார்பு என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். 'செக்கப்' என்போம்.

வெளியே வந்ததும் அம்மா முகக்கவசத்தை இறக்கினாள்.

"கொரோனா ஊசி எப்போ போட்டுகினீங்க, எந்தக் கையிலன்னு டாக்டரம்மா கேட்டாங்கடா. போன வாரம், இடது கையிலன்னு இவ சொன்னா. ஊசி போட்ட பக்கம் நெறி கட்றது சகஜமாம், தானா வத்திடுமாம். ஆனா இவளுக்கு எதிர்ப்பக்கம் கட்டிகினு கீது. அதனால வியாழக்கிழமை ஊசி வுட்டு சதை எடுத்துப் பாக்கணுமாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

ஊசி முகாமுக்கு அவளைக் கூட்டிப்போனவன் நான். பள்ளிக்கூட வராந்தாவில் பக்கத்தில்தான் நின்றேன். நர்ஸ் இடது கையைப் பிடித்தபோது, "இந்தக் கை வேணும்மா, வூட்ல மீன் அரியாம கெடக்குது" என்று இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

அண்ணி இடதுகைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா சொல்லி அனுப்பினாளாம்: "மாமியார் எதிர்ல பீச்சாங்கைய நீட்டாத. கொஞ்ச நாள் மறைச்சிக்கோ." அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. எங்கள் அம்மா வீட்டில் இருந்தால் சாப்பிடுவது, பரிமாறுவது, அரிவது எல்லாம் வலது கை. அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டால் கத்தி கை மாறும். பகலெல்லாம் வீட்டில் கிடப்பவனுக்கு இது தெரியாமல் போகாது. கேட்டபோது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்தேன். சமையலறையில் அவள் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"ஏன் அண்ணி இடதுன்னு சொன்னீங்க?"

"அத்தை பக்கத்துல நின்னாங்க. வலதுன்னா ஏன்னு கேப்பாங்க. வாயில அதான் வந்துச்சி."

"எதிர்ப்பக்கம்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அப்பவாவது மாத்தி சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா இன்னா ஆவும்? வத்தும் வத்தும்னு உக்கார வெப்பாங்க. எங்க அக்காவும் அப்படித்தான் உக்காந்தா." அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. "எடுத்துப் பாக்கட்டும் பென்னி. எனக்குத் தெரியணும்."

"தப்பா ஒண்ணைச் சொல்லிட்டு, சரியான பதில் வேணும்ங்கறீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னாடா கத்திகினு கீற அவகிட்ட?"

அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் சொல்லிவிட்டேன். ஊசி போட்டது வலது கையில், நெறியும் வலது பக்கம், அண்ணி மாற்றிச் சொல்லிவிட்டாள், எல்லாம்.

அம்மா உள்ளே வந்தாள்.

"அவ பீச்சாங்கைக்காரின்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "வந்த புதுசுல ஒரு நாள் ஜன்னல் வழியா பாத்தேன், வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தா. இன்னா வேகம்! மறைக்கறாளே, பாவம், வெக்கப்படுதுன்னு நானும் கண்டுக்கல." அண்ணி பக்கம் திரும்பினாள். "எங்கயாவது போய்ட்டு வர்றப்ப வாசல் கேட்டாண்டையே இருமிட்டு வருவேன்டி, நீ கையை மாத்திக்கறதுக்கு."

"அத்தை..."

"ஸ்கேன் சென்டர்லயும் இடதுன்னு நீ சொன்னப்ப, வேலை செய்யற கையில போட்டுக்க மாட்டியே, பொய்யின்னு எனக்குத் தெரியும்டி. ஊசி எந்தக் கையில போட்டா இன்னா, பொண்ணு மானம் போவ வேணாம்னு வாய மூடிகினு நின்னேன். அதுல இவ்ளோ விஷயம் கீதுன்னு எவளுக்குத் தெரியும்?" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதை மறைக்க என்மேல் பாய்ந்தாள். "இன்னாடா பாத்துகினு நிக்கற தடிமாடு? வண்டிய எடு. நாங்க பஸ்ல வர்றோம்."

அன்றே திரும்பப் போனோம். இந்த முறை அம்மா என்னையும் உள்ளே இழுத்துப் போனாள், சாட்சிக்கு. டாக்டர் சின்னப் பெண். திட்டவில்லை. "வலது கைதானா? நல்லா தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"அப்ப இப்போதைக்கு சதை எடுக்க வேணாம்மா. ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன் பண்ணிப் பாப்போம். வத்தலைன்னா அப்ப எடுத்துடலாம்."

"வத்திடுமா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"பெரும்பாலும் வத்திடும். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

அந்த டாக்டரை எனக்குப் பிடித்தது.

ஆறு வாரம் நீளமாக இருந்தது. அண்ணி சரியாகத் தூங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கை அக்குளுக்குப் போகும். "அமுக்கிப் பாக்காதடி, அது இன்னா மாம்பழமா?" என்று அம்மா அதட்டுவாள். அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் எதுவும் கேட்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பான். அவனுக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணி கேட்டாள். "உனக்கு இன்னா தோணுது பென்னி? அதுவா இருக்குமா?"

"தெரியல அண்ணி. எனக்கு இன்னா தெரியும்?"

"நீ ஒருத்தன்தான் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லாத ஆளு."

"சொல்லணுமா?"

"வேணாம்" என்றாள். ஒரு லுங்கியை உதறினாள். "சும்மா இங்க நில்லு."

நின்றேன். துணி முழுவதும் காயப்போட்டு முடிக்கும்வரை நின்றேன்.

ஸ்கேன் அன்று மறுபடியும் வெளியே பைக் மேல் இருந்தேன். அண்ணி முதலில் வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன, அவற்றில் எனக்கு எதுவும் படிக்க வரவில்லை. பின்னால் வந்த அம்மாதான் சொன்னாள்.

"சுருங்கிடுச்சாம்டா. பழைய அளவுக்கு வந்துடுச்சாம். அடுத்த வருஷம் படம் எடுத்தாப் போதும்னாங்க."

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முழங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் தலையில் ஒரு கையை வைத்து, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு பேரும் கூடுவாஞ்சேரி பஸ்ஸில் ஏறினார்கள். நான் பின்னால் பைக்கில் போனேன்.

இரும்புலியூர் தாண்டியது. பீர்க்கன்கரணையில், எங்கள் ஸ்டாப்பிங்கில், பஸ் நின்றது. அவர்கள் இறங்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

பெருங்களத்தூர் சிக்னலில்தான் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வர முடிந்தது. ஜன்னல் ஓரம் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்து அண்ணி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஹாரன் அடித்தேன், ஸ்டாப்பிங் போய்விட்டது என்று கையைக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்து முறைத்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

பச்சை சிக்னல் விழுந்தது. நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன்.